ஹூப்ளி வரை போன வண்டி

அந்த வண்டியை நாங்கள் வாங்கியதற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை. ரயில் பெட்டியின் கழிவறைதான் காரணம்.

நான் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள்தான் பிறகு என் மனைவியானாள். அவள் அப்பா படைத்தளவாடத் தொழிற்சாலை வேலைக்காக வேலூர்ப் பக்கமிருந்து புனேவின் கட்கிக்கு வந்தவர். அவள் பிறந்தது, படித்தது எல்லாமே கட்கியில். மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் எதில் பேசினாலும் அதே நிதானமான குரல். அவள் முகத்தைப் பார்ப்பதற்குப் பல மாதங்கள் முன்பே அந்தக் குரல் எனக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் நான் போனில் இந்தியில் திணறிக்கொண்டிருந்தபோது அவள் இடையில் புகுந்து, “உங்க இந்தியக் கேட்டா பாவமா கீது. தமிழ்லயே சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்” என்றாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். குழந்தை இல்லை. அதற்காக அழுது முடித்து, அதைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் பழகிக்கொண்டோம். எங்களுக்கு இருந்த நெருங்கிய சொந்தம் அவளுடைய தம்பியும் தங்கையும்தான். தம்பி கட்கியிலேயே அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் டிரைவர். தங்கை ஹூப்ளியில், ரயில்வே குவார்ட்டர்ஸில். வருஷத்தில் இரண்டு முறையாவது ஹூப்ளிக்குப் போவோம்.

வியாதி அவள் இடது காலில்தான் முதலில் தெரிந்தது. சிஞ்ச்வட் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறும்போது செருப்பு காலைவிட்டு நழுவியது. புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் நழுவியது. பிறகு கால் நழுவ ஆரம்பித்தது. டாக்டர், இன்னொரு டாக்டர், பரிசோதனை என்று அலைந்து, கடைசியில் நரம்பு மருத்துவர் ஒருவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, இதற்கு மருந்து கிடையாது, எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை மட்டும் பார்க்கலாம் என்றார்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “பேச்சு?”

“அதுவும் போகலாம்” என்றார்.

திரும்பி வரும் ஆட்டோவில், தாபோடி தாண்டியதும், அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “தங்கச்சியப் பாத்துட்டு வந்துடலாம். பேச்சு இருக்கச்சொல்லவே.”

போனோம். அந்தப் பயணத்தில்தான் ரயில் கழிவறைக்குள் அவளால் எழுந்திருக்க முடியாமல் போனது. வண்டி ஆட, கதவு உள்ளே தாழிட்டிருக்க, நான் வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். எப்படியோ கை நீட்டித் தாழைத் திறந்துவிட்டாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேலை முழுக்க நனைந்திருந்தது. இருக்கையில் உட்கார்ந்ததும் என்னிடம் சொன்னாள்: “இனிமே ரயில் வாணாம்.” தங்கையும் புனேவுக்கு வர முடியாது. அவள் மாமியார் படுத்த படுக்கை. ஒரு நாள்கூட விட்டுவிட்டு வர வழியில்லை.

ஆறேழு மாதம் கழித்து மச்சினன் ஒரு செய்தியோடு வந்தான். ஔந்துப் பக்கம் ஒரு சந்தில் மரத்தடியில் ஒரு பழைய டீசல் வேன் நிற்கிறது, உள்ளே வீடு மாதிரி செய்திருக்கிறார்கள், விற்கப் போகிறார்களாம் என்றான். “பாத்ரூம் கீது மாமா உள்ள. உக்கார்ற மாதிரி.”

ஓய்வுபெற்ற ஒரு மராத்திக்காரர் தன் மனைவியோடு கோயில் கோயிலாகப் போவதற்கென்று அதைக் கட்டியிருந்தார். மனைவி இறந்தபின் வண்டியை எடுக்கவே இல்லையாம். என் மனைவியை நானும் மச்சினனும் தூக்கி உள்ளே உட்காரவைத்தோம். எதிரெதிராக இரண்டு படுக்கை, பாத்திரம் கழுவ பம்பு வைத்த ஒரு தொட்டி, தலைமாட்டில் அலமாரிகள், சின்ன மின்விசிறி, பின்னால் கழிவறை. அவள் வேறெதையும் பார்க்கவில்லை. கழிவறைக் கதவைத் திறக்கச் சொல்லி, சுவரிலிருந்த இரும்புப் பிடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“கையப் புடிச்சிக்க எடம் கீது” என்றாள். அதோடு முடிவாயிற்று.

கிழவர் சாவியைக் கொடுக்கும்போது, “வயரிங் மட்டும் கொஞ்சம் தொல்லை கொடுக்கும்” என்று மராத்தியில் சொன்னார்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. குடியிருப்புச் சொசைட்டி வாசலுக்குள் வண்டி நுழைந்த அன்றே செக்ரெட்டரி வந்துவிட்டார். இது வண்டியா வீடா, இதை எந்தக் கணக்கில் நிறுத்துவது என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக உள்ளே படுத்திருந்தவளைப் பார்த்துவிட்டார். அவள் மராத்தியில் அவர் மனைவியின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தாள். அடுத்த நாள், வண்டிக் கதவு முழுசாகத் திறக்கும்படி சைக்கிள்களை எல்லாம் தள்ளி வைக்கச் சொல்லி வாட்ச்மேனிடம் அவரே சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வாராந்திர விடுமுறை வியாழக்கிழமை. வியாழன் காலையில் நானும் வாட்ச்மேனுமாக அவளை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவருவோம். ஒருமுறை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை மேலே போக மாட்டாள். மூன்றாவது மாடியில் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு இங்கே காய்கறி வண்டிக்காரன், பள்ளிக்கூடப் பிள்ளைகள், யார் வீட்டில் யார் வருகிறார்கள் எல்லாம் ஜன்னலோரத்தில் கிடைத்தது. நான் பக்கத்தில் வயரைப் பிரித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு இரும்பு தெரியும். கரண்ட் தெரியாது. இரும்பில் தப்பு இருந்தால் விரலால் தடவினாலே தெரிந்துவிடும். இது அப்படி இல்லை. விளக்கைப் போட்டால் எரியும். கூடவே மின்விசிறியைப் போட்டால் விளக்கு மங்கும். மச்சினன் பிரேக்கை மிதித்தால், அணைத்து வைத்திருந்த உள்விளக்கு லேசாகச் சிவந்து எரியும். பேய் பிடித்த வண்டி என்றான் அவன்.

தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் பகுதியில் இருந்த ஒரு நண்பரிடம் கேட்டேன். ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு, இரண்டு வயர், ஒரு முனையில் ஊசி, இன்னொரு முனையில் கிளிப், டெஸ்ட் லேம்ப் என்று இதைச் செய்துகொள் என்றார். கரண்ட் வருகிற இடத்தில் ஊசியை வைத்தால் பல்பு எரியும், வராத இடத்தில் எரியாது, எங்கே எரியாமல் போகிறதோ அதற்கு முன்னால் இருக்கிறது கோளாறு. அவ்வளவுதான் வித்தை.

ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாக அசைக்கும்போது உள்ளே விளக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல அவள் இருந்தாள்.

“இப்ப?”

“எரியுது.”

“இப்ப?”

“அதே மாதிரிதான்... இல்ல, இருங்க. கண்ணு சிமிட்டுச்சு.”

“இப்ப?”

“போச்சு. பஸ், போதும், அதத்தான் அசைச்சீங்க. அதையே புடிங்க.”

அவள் சொன்ன இடத்தில் ஒரு போல்ட் இருந்தது. பேட்டரியின் ஒரு பக்கத்தை வண்டியின் உடம்போடு சேர்க்கிற போல்ட். எல்லா விளக்கும் தன் கரண்டை அந்த வழியாகத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கடியில் பெயிண்டும் துருவும் மண்டிப்போய் வழி அடைத்திருந்தது. அந்த வழி இல்லாததால் கரண்ட் பிரேக் விளக்கு வழியாக, உள்விளக்கு வழியாக என்று கிடைத்த பாதையில் எல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, பளபளவென்று தேய்த்து, இறுக்கினேன். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்து ஓடின. வெளியே வந்து பார்த்தால் அவள் மின்விசிறிக் காற்றில் முடி பறக்க, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் இந்த மாதிரி ஒரு போல்ட்டு இருந்திருந்தா” என்றாள். சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, “டீ போடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு வந்தது பேட்டரி பிரச்னை. படுக்கைக்கடியில் விளக்குகளுக்கென்று தனியாக ஒரு பேட்டரி இருந்தது. வியாழக்கிழமை முழுசாக சார்ஜ் ஏற்றி வைத்தால் அடுத்த வியாழன் செத்துக் கிடக்கும். யாரும் எதையும் போடாமலே உள்ளிருந்து ஏதோ அதைக் குடித்துக்கொண்டிருந்தது. நண்பர் அதற்கும் வழி சொன்னார். பேட்டரி வயரைக் கழற்றி இடையில் டெஸ்ட் லேம்பை வை, அது எரிந்தால் ஏதோ கரண்ட் இழுக்கிறது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கு, எதைப் பிடுங்கும்போது லேம்ப் அணைகிறதோ அந்தப் பாதையில்தான் திருடன் இருக்கிறான்.

எல்லா ஃப்யூஸையும் பிடுங்கிவிட்டேன். லேம்ப் எரிந்துகொண்டே இருந்தது.

மூன்று நான்கு வியாழக்கிழமைகள் இதிலேயே போயின. அதற்குள் அவள் கைகள் தளர்ந்துவிட்டன. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள், பிறகு நான் பிடிக்க வேண்டியதாயிற்று. பேச்சில் ‘ர’வும் ‘ல’வும் தடுமாற ஆரம்பித்தன. தன் குரலைத் தானே கவனிப்பது போல ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு கணம் நிற்பாள். போர்டில் இருந்த காலத்தில் ஒரே நேரத்தில் ஐந்தாறு பேரைக் காத்திருக்க வைத்து, ஒருவரையும் கோபப்படுத்தாமல் பேசியவள்.

அன்றும் படுக்கையில் தலையைத் தடுப்புப் பலகையில் சாய்த்துப் படுத்திருந்தாள்.

“ஏங்க, இந்தப் பலக எப்பவுமே சூடா கீது.”

“வெயில் கண்ணு. சித்த நேரத்துல தணிஞ்சு போயிரும்.”

“வெயிலு அந்தாண்ட பக்கம் அடிக்குது. இங்க வந்து கை வச்சுப் பாருங்க.”

வைத்துப் பார்த்தேன். அவள் கன்னம் பட்ட இடத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கை அகலத்துக்குப் பலகை வெதுவெதுப்பாக இருந்தது. தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற சத்தம். அலமாரிகளின் வரிசையில் அந்த ஒரு இடத்தில் மட்டும் கதவு இல்லாமல் ஒரே பலகையாக மூடியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையை எடுத்தேன்.

உள்ளே ஒரு சிறிய மாடம். விட்டலனும் ருக்மிணியும் சேர்ந்து நிற்கும் ஒரு படம். அதன் காலடியில் காய்ந்து கருகிப்போன பூச்சரம். படத்துக்கு மேலே ஒரு குட்டிச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. எப்போதும் எரிய வேண்டும் என்று ஃப்யூஸுக்குக்கூடப் போகாமல் நேராக பேட்டரியிலிருந்தே யாரோ வயர் இழுத்திருக்கிறார்கள்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். “மூடிட்டாங்களே” என்றாள்.

கிழவருக்குப் போன் செய்தேன். அது தன் மனைவி வைத்தது என்றார். வண்டி எங்கே போனாலும் அவள் தினமும் அதற்குப் பூ வைப்பாளாம். அவள் போன பிறகு வண்டிக்குள் ஏறும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் பட்டதாம். எடுக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. தச்சரைக் கூப்பிட்டு மூடச் சொல்லிவிட்டாராம். விளக்கு உள்ளே எரிகிறது என்பதே மறந்துபோயிற்று என்றார்.

மறுநாள் வேலை முடிந்து ஔந்துக்குப் போய்ப் படத்தை அவரிடம் கொடுத்தேன். வாங்கி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே வாசல்வரை என்னோடு வந்தார். “உங்கள் மனைவிக்கு எப்படி இருக்கிறது?” என்றார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த பல்புக்கு ஒரு சுவிட்ச் போட்டேன். பேட்டரி இறங்குவது நின்றது.

டிசம்பரில் ஹூப்ளிக்குக் கிளம்பினோம். மச்சினன் லீவு போட்டுக்கொண்டு வந்து ஓட்டினான். அவள் பின்னால் படுக்கையில், நான் எதிர்ப் படுக்கையில். காத்ரஜ் மலைப்பாதையில் வண்டி வளையும்போதெல்லாம் அவள் உருளாமல் இருக்க என் முழங்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். சாதாராவில் ஒருமுறை நிறுத்திக் கழிவறைக்குத் தூக்கிப் போனேன். இரும்புப் பிடியைப் பிடிக்க அவள் கையில் இப்போது பலம் இல்லை. பிடியின் மேல் கையை வைத்து, அதன் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டேன். யாரும் கதவைத் தட்டவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் இருந்தோம்.

கராட் தாண்டியதும் மின்விசிறி மெதுவானது. தண்ணீர் பம்பு நின்றது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உள் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. சாலையோரத்தில் கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஒதுக்கினோம். பக்கத்தில் ஒரு கொட்டகையில் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காற்று முழுக்க அந்த வாசனை.

எஞ்சின் ஓடும்போது உண்டாகும் கரண்ட் ஒரு வயர் வழியாக உள் பேட்டரிக்கு வர வேண்டும். வரவில்லை. டெஸ்ட் லேம்போடு அடியில் நுழைந்தேன். உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

“இப்ப?” என்று கத்தினேன்.

அவள் ஏதோ சொன்னாள். எஞ்சின் சத்தத்தில் எனக்கு ஒரு முனகல்தான் கேட்டது.

“எரியுதா இல்லையா?”

மறுபடியும் அதே சத்தம். மூன்றாவது முறை கேட்டேன். பதிலே வரவில்லை.

அடியிலேயே படுத்திருந்தேன். மேலே இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள், பேசுகிறாள், எனக்குப் புரியவில்லை. மச்சினனின் கால்கள் கதவுப் பக்கம் வந்து நின்றன. அவன் உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ பேசினான். பிறகு குனிந்து என்னிடம் சொன்னான்: “மாமா, அக்கா கண்ண மூடினா எரியுதுன்னு அர்த்தம். நான் பாத்துச் சொல்றேன். நீங்க அசைங்க.”

“இப்ப?”

“கண்ணு தொறந்துதான் கீது.”

“இப்ப?”

“தொறந்துதான் கீது.”

வயரை மேலும் கொஞ்சம் பின்னால் பிடித்து அழுத்தினேன்.

“மூடிக்கினா மாமா. நல்லா பிரகாசமா எரியுது.”

வயரின் முனையில் போல்ட்டுக்குள் மாட்டும் செம்புக் காது அதிர்வில் விட்டுப்போய், ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டி, புதுசு போட்டு, இறுக்கி முடித்தேன். வெளியே வந்து கை கழுவும்போது கொட்டகைக்காரர் ஒரு சொம்பில் கரும்புப் பாகு கொண்டுவந்து கொடுத்தார். அவளுக்கு நீராக எதுவும் விழுங்க வராது, புரையேறும். கொஞ்சம் ஆறவைத்து, விரலில் தொட்டு அவள் நாக்கில் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மச்சினன், “எரியுது மாமா” என்றான். அவள் சிரித்தாள். சிரிப்பு மட்டும் அப்போதும் பழைய மாதிரியே இருந்தது.

ஹூப்ளியில் ஒரு வாரம் இருந்தோம். தங்கை வீட்டுப் படிகள் உயரம். அதனால் வண்டியை வாசலிலேயே நிறுத்திக்கொண்டோம். தங்கை மாமியாருக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் முடித்துவிட்டு மத்தியானம் வண்டிக்குள் ஏறுவாள். எதிரெதிர்ப் படுக்கையில் அக்காவும் தங்கையும் படுத்துக்கொள்வார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவளுடைய குழறல் கேட்கும். உடனே தங்கை பதில் சொல்வாள். என்ன சொன்னே என்று தங்கை ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கே பாதி புரியாத பேச்சு அவளுக்கு முழுசாகப் புரிந்தது. கட்கியில் ஒரே பாயில் படுத்துத் தூக்கத்தில் உளறி வளர்ந்தவர்கள். அந்த ஒரு வாரம் என் மனைவி எவ்வளவு பேசினாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கிளம்பும் நாளில் தங்கை வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அடுத்த வாட்டி...” என்று ஆரம்பித்தாள். அக்காவின் காலைப் போர்வைக்குள் நன்றாகத் தள்ளி மூடிவிட்டு இறங்கிவிட்டாள்.

திரும்பி வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பங்குனி வெயிலில் சாப்பாட்டுக்காக வயிற்றில் குழாய் போட்டார்கள். தொண்டையில் சேரும் எச்சிலை எடுக்க ஒரு உறிஞ்சும் மெஷின் வந்தது. அவளைக் கீழே இறக்குவது ஆபத்து என்றார் டாக்டர். பேச்சு போயிற்று. ஓர் அட்டையில் எழுத்துகளை எழுதி நான் விரலால் ஒவ்வொன்றாகக் காட்ட, வேண்டிய எழுத்தில் அவள் கண்ணை மூடுவாள். தமிழ் எழுத்து அவளுக்குக் கூட்டிக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் அட்டை தேவநாகரியில். தமிழ் வார்த்தைகளை இந்தி எழுத்தில் சொல்வாள். ‘தண்ணி’ என்று முடிக்க எனக்கும் அவளுக்கும் வெகு நேரம் ஆகும்.

அந்த வருஷம் மின்வெட்டு கடுமையாக இருந்தது. பகலில் மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. மெஷின் நின்றால் அவளுக்கு மூச்சு முட்டும். கையால் பம்பு செய்கிற கருவி ஒன்று இருந்தது, ஆனால் நான் வேலைக்குப் போன நேரத்தில் பார்த்துக்கொள்ள வந்த பெண்ணுக்கு அதில் பயம். அப்போதுதான் மச்சினன் சொன்னான்: “கீழ வண்டில எல்லாம் கீதே மாமா.”

ஒரு வியாழக்கிழமை நானும் அவனும் வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி மூன்று மாடி தூக்கினோம். பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தர அதில் இருந்த இன்வெர்ட்டரையும் கொண்டுவந்தோம். நீளமான வயர் தேவைப்பட்டது. வண்டியின் கூரையோரமாக ஓடிய வயரை இழுத்து உருவினேன். மின்விசிறியையும் எடுத்து அவள் கட்டில் கம்பியில் கட்டினேன். மாதக்கணக்கில் ஒவ்வொரு இணைப்பாகச் சரிசெய்த வண்டி ஒரே பகலில் வெறும் கூடாகிவிட்டது. கரண்ட் போனபோது மெஷினைப் போட்டேன். ஓடியது.

அவள் மின்விசிறியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்ன வார்த்தை ‘வண்டி’.

“எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கறேன் கண்ணு. மழைக்காலம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிடலாம். மாட்டிட்டு ஹூப்ளி போலாம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். எங்களுக்குள் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். அவள் ஆமாம் என்றாளா, போதும் விடுங்கள் என்றாளா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆடி மாத மழையில், ஒரு காலையில், அவள் போனாள். அப்போது கரண்ட் இருந்தது, மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. எதுவும் பழுதாகவில்லை. அது எனக்கு வெகுநாள் புரியவே இல்லை. என் மனசு எங்கே விட்டுப்போயிற்று என்று வயர் வயராகத் தேடிக்கொண்டே இருந்தது.

அஸ்தியை ஆளந்திக்கு எடுத்துப்போக மச்சினன் வண்டியைத்தான் எடுத்தான். அங்கே இந்திராயணி ஆற்றில் வெள்ளம் செம்மண் நிறமாகப் போய்க்கொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் நான் பின்னால், என் படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை, மழைக்காக ஜன்னலும் மூடியிருந்தது.

“முன்னாடி வந்து உக்காருங்க மாமா.”

“இருக்கட்டும் மாப்ளே.”

அவன் வற்புறுத்தவில்லை. திரும்பும் வழியில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அக்கா இறந்ததிலிருந்து அவன் அழுததை அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடியில் நீர் வழிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து கை நீட்டி அவன் தோளைத் தொட எட்டவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மழை விட்ட பிறகு எல்லாவற்றையும் வண்டியில் திரும்ப மாட்ட ஆரம்பித்தேன். “இப்ப எதுக்கு மாமா?” என்று மச்சினன் கேட்டான். “அந்தப் பக்கம் புடி மாப்ளே” என்றேன். பேட்டரி, இன்வெர்ட்டர், கூரை வயர், மின்விசிறி, ஒவ்வொன்றாகக் கீழே போயின. அடியில் ஓர் இணைப்பை இறுக்கிவிட்டு, வெளியே ஊர்ந்து வந்து, படி ஏறி, விளக்கைப் பார்த்துவிட்டு, மறுபடி அடியில் போவேன். செக்ரெட்டரி ஒரு நாள் வந்து கொஞ்ச நேரம் நின்றார். “நான் உள்ளே நின்று பார்த்துச் சொல்லட்டுமா?” என்று மராத்தியில் கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் அந்த இடத்திலிருந்து வேறு குரல் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தீபாவளி சமயத்தில் முடிந்தது. எல்லாம் எரிந்தது, எல்லாம் ஓடியது. அதன் பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேட்டரி இறங்காமல் இருக்க வாரம் ஒருமுறை கீழே போய் எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுகிறவர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த கோடையில் நாசிக்கிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ஊர் ஊராகப் போய் விதை விற்கிறவர். தங்குவதற்கு வண்டி வேண்டும் என்றார். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுக் காட்டினேன். எந்த வயர் எங்கே போகிறது, எந்த போல்ட்டை வருஷத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும், எல்லாம் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே படுக்கையில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

“இவ்வளவு வசதியா வச்சிருக்கீங்களே, எங்கெல்லாம் போனீங்க?” என்று இந்தியில் கேட்டார்.

“ஹூப்ளி.”

“அப்புறம்?”

மச்சினன் என்னைப் பார்த்தான்.

“ஹூப்ளி மட்டும்தான்” என்றேன்.

அவருக்கு டிரைவர் இல்லாததால் நாசிக்வரை மச்சினனே ஓட்டிக்கொண்டு போனான். அன்று வியாழக்கிழமை இல்லை, நான் வேலைக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஹூப்ளிக்குப் போன் செய்து, வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று தங்கையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் மாமியார் கூப்பிடுவதும், இதோ வர்றேன் என்று இவள் திரும்பிச் சொல்வதும் கேட்டது.

“சாப்டீங்களா மாமா?” என்றாள்.

“இனிமேதான்மா.”

“மொதல்ல சாப்புடுங்க. நான் நாளைக்குப் பேசறேன்” என்றாள். நான் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.